சுமியே உட்கார்ந்த பக்கம்

ஹமசாகி கடைத்தெருவில் சுமியேயின் வாய்க்குப் பயப்படாத ஆள் ஒருவர்தான். அவர் செருப்புக்கடைக்காரர், அவருக்குக் காது கேட்காது. மற்றவர்கள் எல்லாம் அவள் கடையில் கொரொக்கே வாங்கிய கையோடு, பேச்சு வளர்வதற்குள் நழுவிவிடுவார்கள். உருளைக்கிழங்கை மசித்து, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் போட்டு எடுக்கும் அந்தப் பண்டத்தை அவளைப் போல மொறுமொறுவென்று செய்ய அந்தத் தெருவில் வேறு ஆளில்லை. அதனால் நழுவியவர்கள் மறுநாள் திரும்பி வந்துதான் ஆகவேண்டும்.

ஆனால் சுறாக்களுக்கு ஆட்டம் இருக்கிற நாளில் கொரொக்கேயும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மாலை நான்கு மணிக்கு அடுப்பை அணைத்து, ஷட்டரை இழுத்துவிட்டு, நீல மேலங்கியை மாட்டிக்கொண்டு கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிவிடுவாள். சுறாக்கள் என்பது எங்கள் ஊர் பேஸ்பால் அணி. ஜெயிப்பதற்கென்று பிறந்த அணி அல்ல. சுமியே பத்தொன்பது வயதில் வலது கேலரியில் ஏறி உட்கார்ந்தவள். இப்போது அறுபத்தொன்று. பதினோராவது வரிசை, முரசுக்குப் பக்கத்து இடம். புருஷன் வீட்டைவிட்டு நகோயாவுக்குப் போனதும் ஒரு ஆட்ட நாளில்தான். வெளியூர் ஆட்டங்களுக்கும் போய்விட்டு மூன்று நாள் கழித்துத் திரும்பிய பிறகுதான், அலமாரியில் அவன் சட்டைகள் இல்லாததைக் கவனித்தாள். "அந்த மூணுல ரெண்டு ஜெயிச்சோம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வலது கேலரி ரசிகர் குழுவுக்குச் சட்டதிட்டம் உண்டு. நம் ஆள் மட்டை பிடிக்கும்போது எழுந்து நிற்கவேண்டும். ஒவ்வொருவனுக்கும் தனித்தனிப் பாட்டு. ட்ரம்பெட் ஊத, முரசு அதிர, பிளாஸ்டிக் குழல்களைத் தட்டிக்கொண்டு தொண்டை கிழியப் பாடவேண்டும். எதிரணி மட்டை பிடிக்கும்போது உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது விதியைச் சுமியே ஒருநாளும் மதித்ததில்லை. எதிரணிக்காரனின் தொப்பை, நடை, அவனைக் கட்டிய பெண்ணின் தலையெழுத்து என்று எதையும் விட்டுவைக்கமாட்டாள். குழுத் தலைவர் இகுனோ, மீன்பிட்டுக் கடை வைத்திருக்கிறவர், அறுபத்தாறு வயசு, முரசுக்கோலைத் தூக்கிக் காட்டி அவளை அடக்கப் பார்ப்பார். முடியாது.

சுறாக்கள் கடைசியாகக் கோப்பையை வென்று முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குச் சுமியே மைதானத்தில் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தையைத் துடைத்துக் கொண்டுவந்து மார்பில் வைத்த நர்ஸிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ரன்?" இந்தக் கதையை அவள் சொல்லாத கூட்டமில்லை. மகள் சயோகோவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கை வெட்டும் முன், "இன்னும் ரெண்டே நாள் உள்ள இருந்திருக்கக் கூடாதாடி நீ? என்ன அவசரம் உனக்கு?" என்பாள். பத்து வயது வரை சயோகோவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். இப்போது ஒசாகாவில் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள், அம்மாவைப் பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை வருகிறாள்.

இந்த வருஷம் ஆட்டப் பருவம் ஏப்ரலில் வழக்கம்போல் தோல்வியோடு தொடங்கியது. மே மாத நடுவில் சுமியேயின் பாதத்தில் கொதிக்கிற எண்ணெய் சிந்தி, பத்து நாள் மைதானத்துக்குப் போகமுடியவில்லை. அந்தப் பத்து நாளில் சுறாக்கள் ஆறு ஆட்டம் ஆடி ஆறையும் ஜெயித்தார்கள். கட்டுப் பிரித்த அன்று நொண்டிக்கொண்டே போய்ப் பதினோராவது வரிசையில் உட்கார்ந்தாள். ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். மறுநாளும் போனாள். மறுநாளும் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் பாலத்தடி மதுக்கடையில் பீர் குடித்துக்கொண்டிருந்தபோது மருந்துக்கடை நோசே தன் நோட்டைத் திறந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரர், கல்யாணம் ஆகவில்லை, ஆகிற அறிகுறியும் இல்லை. எல்லா ஆட்டத்தையும் நோட்டில் எழுதுவார். காற்று எந்தப் பக்கம் அடித்தது, குழுவில் யார் யார் வந்தார்கள், யார் எந்த நிறத்தில் உள்பனியன் போட்டிருந்தார்கள் என்பதுவரை எழுதுவார்.

"சுமியே அக்கா, கோச்சுக்காதீங்க. நீங்க வந்த ஆட்டம் பதினொண்ணு. ஜெயிச்சது ஒண்ணு. நீங்க வராத ஆட்டம், வெளியூர்ல நடந்த மூணையும் சேத்து, ஒன்பது. அதுல எட்டு ஜெயிச்சிருக்கோம்."

"அப்ப நான்தான் பந்து எறியறேன்னு சொல்றியா? அந்த நொண்டிப்பய பிட்சர் எறியறதெல்லாம் உன் நோட்டுல வராதா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. நோட்டு சொல்லுது."

எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். "அக்காவோட ராசி அப்படி" என்றார் ஒருவர். சுமியே கத்தினாள், பீரைக் கொட்டினாள், நோட்டைப் பிடுங்கப் பார்த்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபிறகு பதினொன்று, ஒன்று, ஒன்பது, எட்டு என்ற நான்கு எண்களும் அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன.

அவளால் அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாததற்குக் காரணம் உண்டு. ராசி பார்ப்பதில் அந்தக் கேலரியில் அவளை மிஞ்ச ஆளில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தபால்காரர் ஹகினாகா வந்தாலே மழை பெய்து ஆட்டம் கெடுகிறது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அந்த மனிதர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு படியேறி வரும்போது நடுவில் கையை விரித்து நின்றுகொண்டு, "துக்கிரி, இறங்கு கீழே" என்று இருநூறு பேர் முன்னால் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஹகினாகா அதற்குப் பிறகு வரவே இல்லை. சட்டம் அவளே போட்டது, இப்போது அது தன்மேல் பாய்கிறது என்பதற்காக இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஜூன் மாதம் ஒரு ஆட்டத்தில் நான்கு ரன் பின்தங்கியிருந்தபோது அவள் கழிப்பறைக்குப் போனாள். கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே மேலே கூரை இடிகிற மாதிரி சத்தம். மூன்று ரன் வந்துவிட்டது. ஓடிவந்து உட்கார்ந்தாள். அடுத்தவன் அவுட். இகுனோ முரசு அடிப்பதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். முரசுக்கோலால் படிக்கட்டைக் காட்டினார்.

ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து ஒன்பதாவது வரை சுமியே பெண்கள் கழிப்பறையில், கை கழுவும் தொட்டியில் சாய்ந்துகொண்டு நின்றாள். வந்து போகிற பெண்களிடம் "எத்தனை, எத்தனை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழுக்கு நான்கு என்று ஜெயித்தார்கள். வெளியே வந்தவளைக் குழுவே முதுகில் தட்டிக் கொண்டாடியது. அவளும் சேர்ந்து சிரித்தாள், "அடுத்த தடவை உள்ள ஒரு நாற்காலி போட்டு வைங்கடா" என்றாள். அவள் செய்த தப்பு அந்தச் சிரிப்புதான். கோபித்துக்கொண்டிருந்தால் கேலியோடு போயிருக்கும். சிரித்ததால் அது ஏற்பாடாகிவிட்டது.

ஜூலை முதல் வாரம் இகுனோவும் நோசேயும் கடைக்கு வந்தார்கள். இரண்டு பேரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள். இகுனோவின் கையில் ஒரு முலாம்பழம், மரப்பெட்டியில் வைத்து நாடா கட்டியது. சாவு வீட்டுக்கோ சம்பந்தம் பேசவோ வருகிற மாதிரி இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்கள்.

"சுமியே, நேரா சொல்லிடறேன். இந்த வருஷம் பசங்க நல்லா ஆடறானுங்க. ரெண்டாவது இடத்துல இருக்கோம். ஒரு வேண்டுகோள்."

"கழிப்பறையிலதான் நிக்கறேனே, அது போதாதா?"

"போன வாரம் நின்னீங்க. தோத்துட்டோம்" என்றார் நோசே. "மைதானத்துக்குள்ளயே இருக்கக்கூடாதுன்னு நினைக்கிறேன்."

"தலைவரே, நாப்பத்திரண்டு வருஷம். மழையில, வெயில்ல, ஜுரத்துல. நீங்க பிள்ளை கல்யாணத்துக்குப் போன அன்னைக்குக்கூட முரசை நான்தான் அடிச்சேன்."

இகுனோ தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷர்தான் அவர். அதனால்தான் அவர் சொன்னது அவ்வளவு ஆழமாக இறங்கியது. "அதையும் யோசிச்சோம்மா. இந்த நாப்பத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் கோப்பை வாங்கினோம். அன்னைக்கு நீ எங்க இருந்தே?"

எண்ணெயில் கிடந்த கொரொக்கே கருகும் வரை சுமியே அசையவில்லை. தன் வாயால் ஆயிரம் தடவை சொல்லி ஊரைச் சிரிக்கவைத்த கதை அது. அதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு முலாம்பழத்தை வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு சுறாக்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. ஜூலையில் பதினாறு வெற்றி. ஆகஸ்டில் முதலிடம். கடைத்தெரு வாசலில், இன்னும் எத்தனை ஆட்டம் ஜெயித்தால் கோப்பை என்று பெரிய பலகையில் எண் மாட்டினார்கள். இருபத்தெட்டு. ஒவ்வொரு வெற்றிக்கும் மறுநாள் காலை கடைத்தெருச் சங்கத்துப் பையன்கள் ஏணி வைத்து எண்ணைக் குறைப்பார்கள், கடைக்காரர்கள் கைதட்டுவார்கள். சுமியேவும் கதவோரம் நின்று கைதட்டினாள்.

ஆட்ட நாள் மாலையில் அவள் கடைக்குக் கூட்டம் குவிந்தது. கொரொக்கேக்காக அல்ல. "அக்கா, இருக்கீங்கல்ல? போகலியே?" என்று எட்டிப் பார்த்துவிட்டு மைதானத்துக்கு ஓடுவார்கள். அப்படியும் நம்பிக்கை போதவில்லை. நோசே முறை வைத்து ஆள் போட்டார். ஒருநாள் பூக்கடைப் பெண், ஒருநாள் சலவைக்கடைக் கிழவர், கடைசிப் பந்து வரை அவளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். முடிதிருத்தும் கடையில் அவள் டி.வி.யில் பார்த்த அன்று தோற்றுவிட்டதால் டி.வி.யும் கூடாதென்று ஆனது. ரேடியோவும் கூடாது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் கால்வாயைத் தாண்டி ஆரவாரம் கேட்கும். அதைக் கேட்டு அவள் உதடு பாட்டை முணுமுணுத்ததைச் சலவைக்கடைக் கிழவர் பார்த்துவிட்டார்.

"சுமியே, அதுவும் வேண்டாமே. புகைபோக்கி விசிறியைப் போடு, சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

"மூச்சு விடலாமா? அதை நோசேகிட்ட கேட்டுட்டு வந்தியா?"

"கோவிச்சுக்காத. ஊருக்காகத்தானே."

விசிறியைப் போட்டாள். ஒரு மூட்டை உருளைக்கிழங்கு தோலை உரித்து முடித்தாள். விற்க ஆளில்லாத கிழங்கு அது.

ஆகஸ்ட் கடைசியில் சயோகோ தொலைபேசியில் கூப்பிட்டாள். செய்தி அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"உன்னை வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாமே?"

"சொல்லலை. கேட்டுக்கிட்டாங்க. நானாத்தான் போகலை."

"சரி. ஒருத்தி இல்லாம இருந்திருந்தா எல்லாருக்கும் நல்லா இருந்திருக்கும்னு சொன்னா எப்படி இருக்குன்னு இப்ப தெரியுதாம்மா?"

"உனக்குப் பேச வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லை. இதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்று சயோகோ வைத்துவிட்டாள். மகள்மேல் வந்த கோபத்தைவிட, அவள் சொன்னது சரி என்பதில்தான் சுமியேவுக்கு எரிச்சல் அதிகம்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி பலகையில் எண் ஒன்று. அன்றைக்கு டோக்கியோ வல்லூறுகளோடு சொந்த மைதானத்தில் ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. காலையிலிருந்தே தெருவில் நீலக் காகிதத் தோரணம் கட்டினார்கள். சுமியேயின் கடைக்கு மட்டும் ஆறு பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஒருநாள் மட்டும்" என்றார்கள். இனி வாழ்நாளில் இன்னொரு கோப்பையைப் பார்க்கமுடியாது என்று அவளுக்குத் தெரியும். அறுபத்தொன்றோடு முப்பத்தெட்டைக் கூட்டிப் பார்த்தால் போதும்.

பூக்கடைப் பெண்ணிடம் ஜுரம் என்று சொல்லி மாடியில் படுத்துக்கொண்டாள். அவள் கீழே உட்கார்ந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, சுமியே பின்வாசல் வழியாக இறங்கிவிட்டாள். வலது கேலரிக்குப் போனால் ஆயிரம் பேருக்கு அடையாளம் தெரியும். சீட்டும் கிடைக்காது. கிடைத்தது இடது கேலரியில், வெளியூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய பக்கத்தில். அங்கே நீலத்தில் ஒரு நூல் தெரிந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். எனவே ஸ்டேஷன் வாசலில் வல்லூறுகளின் பச்சைச் சட்டை ஒன்றை வாங்கி, கழிப்பறையில் மாற்றிக்கொண்டு, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கிருந்து பார்க்கும்போதுதான் தன் ஆட்களை அவள் முதல்முறையாக எதிரிலிருந்து பார்த்தாள். நீலச் சுவர் ஒன்று எழுந்து உட்காருகிறது, எழுந்து உட்காருகிறது. முரசு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் இடத்தில் யாரோ ஒரு தடியன் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பாட்டும் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பச்சைக்காரர்கள் சுறாக்களைத் திட்டினார்கள். அவள் வாயில் வராத வசவு அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் அவளுக்குச் சுரீரென்றது.

மூன்றுக்கு இரண்டு. ஒன்பதாவது இன்னிங்ஸில் கடைசி ஆள் அடித்த பந்து உயரே போய், சுறாக்களின் கையுறைக்குள் வந்து விழுந்தது. எதிரே நீலச் சுவர் இடிந்து சரிந்த மாதிரி எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சுமியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்து இருக்கைப் பெண், பச்சைச் சட்டைக்காரி, அவள் வயதுதான் இருக்கும், ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து அவள் கையில் வைத்தாள்.

"அழாதீங்க. நானும்தான் டோக்கியோவுலேர்ந்து பஸ்ல வந்தேன். அடுத்த மாசம் இவங்களோடயே திரும்ப ஒரு தொடர் இருக்குல்ல. அப்ப பாத்துக்கலாம்."

"ஆமாங்க, பாத்துக்கலாம்" என்று சுமியே ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கடைத்தெருவின் நடுவில் மதுப்பீப்பாயை உடைத்தார்கள். இகுனோவுக்குக் குரல் போய்விட்டிருந்தது. இருந்தாலும் மேடையில் ஏறி, கரகரத்துக்கொண்டு, முதல் கிண்ணத்தைச் சுமியேவுக்குக் கொடுத்தார். "இந்தக் கோடை முழுக்க வராம இருந்து நமக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவ" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கிண்ணத்தை வாங்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பீப்பாய்மேல் அறைந்தாள்.

"நான் வந்திருந்தேன்டா. முதல் பந்துலேர்ந்து கடைசிப் பந்து வரைக்கும். என் ராசியும் ஆச்சு, உங்க நோட்டும் ஆச்சு. கொளுத்துங்க அதை."

பூக்கடைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சுமியே நிமிர்ந்து நின்றாள். மூன்று மாதமாகத் தன்னை வீட்டோடு கட்டிப்போட்டவர்கள் இப்போது தலையைத் தொங்கப்போடுவார்கள், பதினோராவது வரிசையைத் துடைத்துக் கொடுப்பார்கள் என்றே நம்பினாள்.

நோசே சீட்டை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். "இடது கேலரி."

"ஆமா. வேற எங்க கிடைக்கும்?"

"என்ன போட்டிருந்தீங்க அக்கா?"

"பச்சை. என் தலையெழுத்து."

நோசே நோட்டைத் திறந்தார், ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். நிமிர்ந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. "தலைவரே, நாம தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். அக்கா வந்தா நாம தோக்கறதில்லை. அக்கா எந்தப் பக்கம் உக்கார்றாங்களோ அந்தப் பக்கம் தோக்குது."

அடுத்த நொடி தெருவே கூத்தாடியது. அவளைத் தோளில் தூக்கினார்கள். "அடப் பைத்தியக்காரப் பசங்களா, இறக்குங்கடா" என்று அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அன்று மாலைக்குள், இதைவிடப் பெரிய தேசியக் கோப்பைக்காக அக்டோபரில் வல்லூறுகளோடு நடக்கப்போகும் தொடருக்கு இடது கேலரியில் அவளுக்குச் சீட்டு வாங்கிவிட்டார்கள். ஆறு ஆட்டத்துக்கு ஆறு சீட்டு.

"நான் வலது பக்கம்தான் வருவேன்" என்றாள் இகுனோவிடம். "இல்லேன்னா வரவே மாட்டேன்."

இகுனோ அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை அது. "சுமியே, இந்தக் குழுவுல உன்னைவிட வேண்டிய ஆள் யாரும்மா இருக்கா? என்னைவிட நீதான் முக்கியம். நீ இல்லாம நாங்க ஜெயிக்கமுடியாது."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜூலையிலிருந்து, நீ வேண்டும் என்று ஒருவர்கூட அவளிடம் சொல்லவில்லை. இப்படிச் சொன்னாலாவது போதும் என்கிற நிலைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பச்சைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

அக்டோபரில் முதல் ஆட்டம், பகல் இரண்டு மணிக்கு. இடது கேலரியில் உட்கார்ந்ததும் பழைய ஆரஞ்சுக்காரி அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் இன்னிங்ஸிலேயே சுறாக்கள் இரண்டு ரன் எடுத்துவிட்டார்கள். சுமியே தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நான்காவது இன்னிங்ஸ் முடிந்த இடைவேளையில் எதிரே ட்ரம்பெட் ஒரு புது மெட்டை ஊதியது. எந்த ஆட்டக்காரனுடைய பாட்டும் அல்ல. இகுனோவின் முரசு சேர்ந்துகொண்டது. நீலச் சுவர் முழுவதும் எழுந்து பாடியது.

"சுமியே, சுமியே, அங்கேயே இரு. அந்தப் பக்கம் உக்காந்து எங்களுக்குக் கோப்பை கொடு."

பாடிக்கொண்டே அத்தனை பேரும் விரலை நீட்டி இடது கேலரியைக் காட்டினார்கள். நாற்பத்திரண்டு வருஷத்தில் ஆட்டக்காரனல்லாத ஒருவருக்குக் குழு பாட்டுக் கட்டியதில்லை. அவளுக்கு ஒரு கணம் புல்லரித்துவிட்டது.

பச்சைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரு அந்தச் சுமியே?" என்றான் ஒருவன். மூன்று வரிசைக்குக் கீழே ஒரு பையன் போனில் தேடிப் பார்த்தான். பெருமை தாங்காமல் நோசே கதை முழுவதையும் இணையத்தில் படத்தோடு போட்டிருந்தார். பையன் போனைத் தூக்கிப் பிடித்து, படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"இதோ இருக்குடா அந்தக் கிழவி. நம்ம சட்டையைப் போட்டுக்கிட்டு."

சுமியே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. அவள் வாயில் வழக்கமாக வரிசை கட்டி நிற்கிற வசவுகளில் ஒன்றுகூட வரவில்லை. ஆரஞ்சுக்காரி மடியில் இருந்த பையை மெதுவாக எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள்.

"அன்னைக்கு அழுதீங்களே. எங்களுக்காக இல்லையா?"

"நான் அழுததென்னவோ நிஜம்தாங்க."

"எந்திரிச்சுப் போயிடுங்க. அசிங்கமா இருக்கு."

ஆரஞ்சுக்காரியே எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். இந்தப் பக்கத்து ஆளும் எழுந்தான். முன்வரிசை, பின்வரிசை என்று எல்லோரும் தள்ளித் தள்ளிப் போக, நடுவில் இருபது முப்பது நாற்காலிகள் காலியாகி, அதில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். எதிர்க் கேலரியிலிருந்து பார்க்க அது நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். பாட்டு இன்னும் பலமாகியது. யாரோ கடித்த ரொட்டித்துண்டை அவள் முதுகில் எறிந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அங்கேயே இரு என்றுதானே பாடினார்கள்.

இரண்டு காவலர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். உள்ளூர் அணிக்காரர் இந்தக் கேலரியில் உட்காரக்கூடாது என்பது விதி, புகார் வந்திருக்கிறது, தயவுசெய்து. அவளைப் படிக்கட்டில் கூட்டிக்கொண்டு போகும்போது எதிரே பாட்டு அறுந்தது. "போகாதே, போகாதே" என்று கூச்சல் கேட்டது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் வாசலுக்கு வெளியே வந்துவிட்டாள்.

மரத்தடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது உள்ளே பெரிய ஆரவாரம். இடது பக்கத்திலிருந்து வந்தது. உடனே போன் அடித்தது.

"அக்கா, எங்க இருக்கீங்க?" நோசேயின் குரல் கிறீச்சிட்டது. "நீங்க எழுந்த உடனே ரெண்டு ரன் விட்டுட்டோம். ரெண்டுக்கு ரெண்டு. யாரு உங்களை எழுந்திரிக்கச் சொன்னது?"

"தள்ளிட்டாங்கடா. ரொட்டியால அடிச்சாங்க."

"அடிச்சா என்ன, வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதா? அவங்க ஆளுங்க இன்னும் ரெண்டு பேர் ஓடறதுக்கு நிக்கறானுங்க. எப்படியாவது உள்ள போங்க. தலைவர் அழறாரு."

அவள் ஓடினாள். அறுபத்தொரு வயதில், தீக்காயம் ஆறிய காலோடு, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்கு ஓடினாள். வாசற்காப்பாளர் சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஏற்கனவே உள்ள போன சீட்டும்மா. வெளிய வந்தா மறுபடி விடமுடியாது."

"ஐயா, நான் உள்ள உக்காரணும். இல்லேன்னா தோத்துடுவாங்க. கொஞ்சம் தயவு பண்ணுங்க, ஓரமா எங்கேயாவது உக்காந்துக்கறேன். கழிப்பறையில வேணாலும் நிக்கறேன்."

"யாரு தோத்துடுவாங்க?"

"சுறா. நாப்பத்திரண்டு வருஷமா நான் சுறாங்க."

அவர் அவளுடைய பச்சைச் சட்டையைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். நல்ல வேடிக்கை என்று நினைத்திருக்கவேண்டும், வாய்விட்டுச் சிரித்தார். அப்போது உள்ளே மறுபடியும் ஆரவாரம் எழுந்தது, முந்தியதைவிடப் பெரியது. சுமியே அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க அடிச்சது? யாரு?"

காப்பாளர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவளுடைய பச்சைச் சட்டைத் தோளில் ஆதரவாகத் தட்டினார்.

"கவலைப்படாதீங்கம்மா. உங்க ஆளுங்கதான். நாலுக்கு ரெண்டு. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."